பணம் கட்டுவதற்கு முன்னால்: தருமபுரியிலிருந்து வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

பாஸ்போர்ட் விசாரணைக்கு ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்துபோன அன்றே தெருவுக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பாலக்கோடு தக்காளி மண்டியில் பார்த்தாலும், பென்னாகரம் பேருந்து நிலையத்தில் பார்த்தாலும், அரூரில் கல்யாண வீட்டில் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: "எப்போ கிளம்புற?" கேட்கிறவர்கள் அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் அதே கேள்வி நாலு பேர் வாயில் வந்தபிறகு, கிளம்பாமல் இருப்பதே அவமானம் என்று ஆகிவிடுகிறது. ஒப்பந்தத்தில் சம்பளம் தெளிவாக இல்லை, வேலை என்னவென்று சரியாகத் தெரியாது, இருந்தாலும் சொன்ன தேதிக்கு விமானம் ஏறிவிட வேண்டும் என்ற அவசரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்த அவசரத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்கச் சொல்லித்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மானாவாரி நிலத்தையும் வற்றிப்போன போர்வெல்லையும் வைத்துக்கொண்டு ஊரிலேயே இரு என்று யாரும் யாருக்கும் சொல்ல முடியாது. வேலை தேடி வெளியே போவது இந்த மாவட்டத்துக்குப் பழக்கமானதுதான். பெங்களூரு கட்டடங்களுக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் குடகுக் காபித் தோட்டங்களுக்கும் நம் வீடுகளிலிருந்து ஆள் போய்க்கொண்டே இருக்கிறது. வளைகுடா, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காதுக்குப் பழகிய பெயர்கள். இப்போது ஏஜென்டுகள் வாயில் போலந்து என்ற பெயரும் சேர்ந்திருக்கிறது. "யூரோப் விசாண்ணா, குடோன்ல பேக்கிங் வேலை, ஏ.சி. ரூம், மாசம் லட்சத்துக்கு மேல" என்கிறார்கள். அந்த நாட்டில் குடோன் வேலையும் இறைச்சி, மீன் பதப்படுத்தும் ஆலை வேலையும் உணவு டெலிவரியும் லாரி ஓட்டுவதும் உண்மையாகவே இருக்கின்றன. இந்தியர்கள் பலர் அங்கே வேலை செய்து சம்பாதிக்கவும் செய்கிறார்கள். பொய் என்று ஒரேயடியாகத் தள்ளக்கூடிய விஷயம் இல்லை. அதனாலேயே கவனம் கூடுதலாக வேண்டியிருக்கிறது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஏஜென்டிடம் பணத்தைக் கொடுக்கிற நிமிஷம் வரைக்கும் கேள்வி கேட்கிற பலம் உங்களிடம் இருக்கிறது. அதுவரை அவருக்கு நீங்கள் வேண்டும். கொடுத்த பிறகு உங்களுக்கு அவர் வேண்டும். போனை எடுப்பாரா என்று காத்திருக்கிற ஆள் நீங்களாகிவிடுவீர்கள். போய்ச் சேர்ந்தபின் அந்தப் பலம் இன்னும் குறையும், ஏனென்றால் படுக்கை, பர்மிட், சம்பளம் மூன்றும் ஒரே கையில் இருக்கும். ஆகவே கிளம்புவதற்கு முந்தைய இரண்டு மூன்று மாதங்களை ஷாப்பிங்குக்கும் விருந்துக்கும் விட்டுவிடாதீர்கள். உங்கள் அடுத்த சில வருடங்கள் அந்த நாட்களில்தான் முடிவாகின்றன.

போலந்தைப் பற்றி ஏஜென்ட் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. அதுவும் ஆள் அனுப்பிய நாடு. 2004 மே 1 அன்று போலந்து ஐரோப்பிய யூனியனில் சேர்ந்தது. பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் மூன்றும் உடனே வேலைக்குக் கதவைத் திறந்தன. அதற்குப் பிறகான சில வருடங்களில் லட்சக்கணக்கான போலந்துக்காரர்கள் பஸ்ஸிலும் மலிவு விமானத்திலும் மேற்கே போனார்கள். பிளம்பர்களும் கொத்தனார்களும் போனார்கள். பட்டம் படித்தவர்கள் போய் ஓட்டல்களில் தட்டு கழுவினார்கள். நம்மைப் போல விசாவுக்கு வரிசையில் நிற்கவேண்டிய நிலை அவர்களுக்கு இல்லை. கையில் ஐரோப்பிய பாஸ்போர்ட் இருந்தது; பிடிக்கவில்லை என்றால் மறுநாளே பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடலாம்.

அப்படிப்பட்டவர்களே மாட்டிக்கொண்டார்கள். 2006 ஜூலையில் இத்தாலியின் தெற்கே புல்யா மாகாணத்தில், ஃபோஜா நகரைச் சுற்றியுள்ள தக்காளி வயல் முகாம்களிலிருந்து நூற்றுக்கும் அதிகமான போலந்துத் தொழிலாளர்களை இரு நாட்டுப் போலீஸும் சேர்ந்து மீட்டது. பத்திரிகையில் வேலை விளம்பரம் பார்த்து, பயணத்துக்குச் சொந்தப் பணம் கட்டிப் போனவர்கள் அவர்கள். சொன்ன கூலியில் சிறு பகுதிதான் கிடைத்தது. அதிலும் படுக்கைக்கு, சாப்பாட்டுக்கு என்று பிடித்தம். முகாமைச் சுற்றிக் காவல். தக்காளி பறிப்பது என்ன வேலை என்று பாலக்கோட்டுக்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. குனிந்த முதுகு நிமிராமல் பறித்த பெட்டிகளுக்குக் கணக்கு எழுதுகிறவன், நம்மைக் கூட்டிவந்தவனாகவே இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிரிட்டனில் 2019இல் தீர்ப்பான ஒரு வழக்கு இதைவிடப் பெரியது. 'ஆபரேஷன் ஃபோர்ட்' என்று போலீஸ் பெயர் வைத்த விசாரணை அது. போலந்திலிருந்து நானூறு பேர் வரை பர்மிங்ஹாம் பக்கத்துக்குக் கூட்டிவரப்பட்டு, பண்ணைகளிலும் குப்பை பிரிக்கும் ஆலைகளிலும் அற்பக் கூலிக்கு வேலை செய்ய வைக்கப்பட்டிருந்தார்கள். இதைச் செய்தவர்களும் போலந்துக்காரர்கள்தான். வேலையில்லாமல், வீடில்லாமல் அலைந்தவர்களாகப் பார்த்து, சொந்த மொழியில் பேசி, "தங்க இடம் தருகிறோம்" என்று அழைத்துப் போனார்கள். ஆட்களின் பெயரில் வங்கிக் கணக்கைத் திறந்து, ஏ.டி.எம். கார்டைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். கம்பெனி சம்பளம் போட்டது. உழைத்தவன் கைக்கு வரவில்லை.

இதை எதற்கு விரிவாகச் சொல்கிறேன் என்றால், "நம்ம ஊர்ப் பையன்தான், ஏமாத்த மாட்டான்" என்கிற நம்பிக்கைதான் இங்கேயும் பணத்தைக் கைமாற வைக்கிறது. தூரத்து ஆள் நம்மை ஏமாற்றுவது கஷ்டம், அவனை நாம் முதலிலேயே நம்ப மாட்டோம். மாமன் மகனின் சிநேகிதன் என்றால் ரசீது கேட்கக்கூட நாக்கு எழாது. அப்படி நம்பிப் போனதன் விலையைப் பக்கத்து மாநிலத்திலேயே பார்த்திருக்கிறோம். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் நம் சித்தேரி மலைக்காரர்களும் இருந்தார்கள். கூலி வேலை என்று சொல்லித்தான் தரகர்கள் கூட்டிப்போனார்கள் என்று குடும்பத்தார் சொன்னார்கள். அந்த வீடுகளில் இன்றுவரை கணக்குத் தீரவில்லை. வெளிநாடு என்றாலும் வெளிமாநிலம் என்றாலும், கூட்டிப்போகிறவர் யார், எங்கே, யாரிடம் ஒப்படைப்பார் என்ற மூன்று கேள்விக்கும் காகிதத்தில் பதில் இருக்க வேண்டும்.

காகிதம் இல்லாமல் போனவர்களின் வரிசை நமக்குப் பின்னால் நீளமாக இருக்கிறது. தருமபுரி 1965 அக்டோபர் 2 அன்றுதான் தனி மாவட்டமானது. அதற்கு முன்பு சேலம் ஜில்லா. 1876 முதல் 1878 வரையிலான தாது வருஷப் பஞ்சம் சேலம் ஜில்லாவைக் கடுமையாக அடித்தது. அந்தக் காலத்தில் தமிழ் ஜில்லாக்களிலிருந்து இலங்கைக்கும் மலாயாவுக்கும் பர்மாவுக்கும் ஆட்கள் போனார்கள். 1860 நவம்பரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை நேட்டாலில் இறக்கிய பிறகு, தென்னாப்பிரிக்காவின் கரும்புத் தோட்டங்களுக்கும் வழி திறந்தது. ஐந்து வருட ஒப்பந்தம். படிக்கத் தெரியாதவர்கள் யாரோ படித்துச் சொன்னதை நம்பிக் கைநாட்டு வைத்தார்கள். ஒப்பந்தக் கூலியாக ஆள் அனுப்பும் முறையே 1917இல் நின்றது. கைநாட்டு வைத்த அந்தத் தலைமுறைக்கு வேறு வழி இருக்கவில்லை. உங்களுக்குப் படிக்கத் தெரியும், கையில் போன் இருக்கிறது, கேட்பதற்குச் சட்டமும் இருக்கிறது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறவர் வெளியுறவு அமைச்சகத்திடம் பதிவு செய்து உரிமம் வாங்கியிருக்க வேண்டும். அந்த எண் இ-மைக்ரேட் அரசு இணையதளத்தில் இருக்கும். நீங்களே தேடிப் பார்க்கலாம். "நான் சப்-ஏஜென்ட், மெயின் ஆபீஸ் சென்னையில" என்கிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள். சட்டத்தில் சப்-ஏஜென்ட் என்று ஒருவர் கிடையாது. பதிவு பெற்ற ஏஜென்ட் உங்களிடம் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400. ரசீதோடுதான் வாங்க வேண்டும். நாலு லட்சம், அஞ்சு லட்சம் என்று கேட்கிறார்கள் என்றால், அந்தத் தொகை எதற்கு என்று ஒவ்வொரு ரூபாய்க்கும் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்று அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்குப் பெரும்பாலும் அது இருக்கும். அந்தப் பாஸ்போர்ட்டோடு சவூதி, குவைத், ஓமன், மலேசியா போன்ற 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதானால் குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற அரசு அதிகாரியின் அனுமதி வேண்டும். அனுமதி கொடுக்கும் முன் ஒப்பந்தமும் காப்பீடும் பார்க்கப்படும். பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற அந்தக் காப்பீட்டுக்கு இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய்தான்; விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமடைந்தாலோ 10 லட்சம். இந்தச் சோதனையைத் தவிர்க்கத்தான் சிலர் "முதல்ல டூரிஸ்ட் விசாவில் போயிடலாம், அங்கே மாத்திக்கலாம்" என்பார்கள். அப்படிப் போனவரின் பெயர் தொழிலாளி என்று எந்த அரசுப் பதிவேட்டிலும் இருக்காது. தொலைந்தால் தேட ஆரம்பப் புள்ளி கிடையாது.

போலந்து அந்த 18இல் இல்லை. இதை நன்றாக மனதில் வையுங்கள். போலந்துக்குக் கிளம்பும்போது உங்கள் ஒப்பந்தத்தை நம் தரப்பில் எந்த அதிகாரியும் பிரித்துப் பார்க்கப் போவதில்லை. பார்க்கவேண்டிய அதிகாரி நீங்கள்தான்.

எப்படிப் பார்ப்பது? அண்மையில் ஒரு தம்பி இரண்டு காகிதங்களைக் கொண்டுவந்து காட்டினான். ஒன்று ஏஜென்ட் கொடுத்த தமிழ்த்தாள். தலைப்பில் கம்பெனிப் பெயர் இல்லை, முத்திரை இல்லை. "சம்பளம் 1,15,000, ரூம் ஃப்ரீ, சாப்பாடு ஃப்ரீ, ஓ.டி. உண்டு" என்று அழகாக அச்சடித்திருந்தது. இன்னொன்று ஒப்பந்தம். இடப்பக்கம் போலந்து மொழி, வலப்பக்கம் ஆங்கிலம். வலப்பக்கத்தை விரல் வைத்து வரி வரியாகப் படித்தோம். மாதச் சம்பளம் என்று எதுவும் இல்லை, மணிக்கூலிதான் இருந்தது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை உறுதி என்ற இடம் காலி. தங்குமிடச் செலவைக் கம்பெனி தீர்மானித்துச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் என்று ஒரு வரி. சாப்பாட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. தமிழ்த்தாளில் இருந்த வாக்குறுதி ஒன்றுகூட ஒப்பந்தத்தில் கிடையாது. அவன் கையெழுத்துப் போடவேண்டியது ஒப்பந்தத்தில், நம்பிக்கொண்டிருந்ததோ தமிழ்த்தாளை.

போலந்தில் ஒப்பந்தம் முக்கியமாக இரண்டு விதம். தொழிலாளர் சட்டத்துக்கு உட்பட்ட வேலை ஒப்பந்தத்தை 'உமோவா ஓ ப்ராத்சே' என்பார்கள். அதில் சம்பளத்தோடு விடுப்பு, வேலைநேர வரம்பு, நீக்குவதற்கு முன் அறிவிப்பு எல்லாம் உண்டு. 'உமோவா ஸ்லெட்செனியா' என்பது பணி ஒப்படைப்பு ஒப்பந்தம். வேலை இருந்தால் மணிக்கூலி, இல்லாவிட்டால் இல்லை. சம்பளத்தோடு விடுப்பு சட்டப்படி கிடையாது. ஏஜென்டுகள் மூலம் போகிறவர்களுக்கு இரண்டாவதைத்தான் அதிகம் நீட்டுகிறார்கள். சட்டவிரோதமானது என்று சொல்லவில்லை. ஆனால் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிந்து போட வேண்டும். வெளிநாட்டுத் தொழிலாளிக்குப் புரிகிற மொழியில் ஒப்பந்தத்தைத் தர வேண்டும் என்பது அந்த நாட்டு விதியே. கேளுங்கள்.

அடுத்தது வேலை அனுமதி. அதை வாங்கவேண்டியது முதலாளி; கொடுப்பது 'வோயிவோடா' எனப்படும் மாகாண ஆளுநர் அலுவலகம். அந்த அனுமதியில் எந்தக் கம்பெனி, எந்த வேலை, குறைந்தது எவ்வளவு சம்பளம் என்று எழுதியிருக்கும். அதன் நகலைப் பணம் கொடுப்பதற்கு முன்பே வாங்கிப் பாருங்கள். அதில் உள்ள கம்பெனிப் பெயரும் ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா? கம்பெனிகளின் அரசுப் பதிவேடு கே.ஆர்.எஸ். இணையத்தில் இலவசமாகத் திறந்து கிடக்கிறது. அந்தக் கம்பெனி உயிரோடு இருக்கிறதா, எப்போது தொடங்கியது, என்ன தொழில் என்று பார்த்துவிடலாம். ஆள் அனுப்பும் ஏஜென்சி என்றால் கே.ஆர்.ஏ.இசட். என்ற இன்னொரு பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். இதெல்லாம் போன் வைத்திருக்கும் எந்தப் பிள்ளையும் மொழிபெயர்ப்புச் செயலியை வைத்து ஒரு சாயங்காலத்தில் செய்துவிடக்கூடிய வேலை. கையில் பட்டத்தோடு வீட்டில் இருக்கும் தங்கையை உட்கார வைத்துச் செய்யுங்கள். அவளைவிட நல்ல ஆடிட்டர் உங்களுக்குக் கிடைக்க மாட்டார்.

"போலந்துல கால் வெச்சிட்டா ஜெர்மனி பக்கம்தாண்ணா, தாண்டிடலாம்" என்று ஒரு பேச்சு உண்டு. நீண்ட நாள் தங்குவதற்கான போலந்தின் டி விசாவை வைத்துக்கொண்டு ஜெர்மனியைச் சுற்றிப் பார்க்கலாம். அங்கே வேலை செய்ய முடியாது. பிடிபட்டால் ஐரோப்பாவின் பல நாடுகளில் கதவு மூடிவிடலாம். 2023இல் போலந்திலேயே விசாவுக்கு லஞ்சம் வாங்கிய விவகாரம் வெடித்து, வெளியுறவுத் துணை அமைச்சர் ஒருவர் பதவி இழந்தார். அதற்குப் பிறகு பிடி இறுகியிருக்கிறது. 2025 ஜூன் முதல் வெளிநாட்டவர் வேலைக்குப் புதுச் சட்டமே வந்துவிட்டது. "எனக்கு எம்பஸியில ஆள் இருக்கு" என்கிற ஏஜென்டைக் கண்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

தொப்பூர் கணவாயில் பதினாலு சக்கர லாரியை இறக்கி ஏற்றிய அண்ணன்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் கைத்திறனில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஆனால் நம் ஹெவி லைசென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே சம்பளத்துக்கு லாரி ஓட்ட முடியாது. 'கோட் 95' என்ற தொழில்முறைத் தகுதி வேண்டும். அதற்குப் பயிற்சி, தேர்வு, செலவு, காத்திருப்பு எல்லாம் உண்டு. அந்தச் செலவு யாருடையது, பயிற்சி முடியும்வரை சோற்றுக்கு என்ன வழி என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அது இல்லாமல் போனால், டிரைவராகப் போய் குடோனில் பெட்டி தூக்கவேண்டி வரும்.

இப்போது கணக்கு. 2026ஆம் ஆண்டுக்குப் போலந்தின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 4,806 ஸ்லோட்டி. அவர்கள் நாணயம் யூரோ இல்லை, ஸ்லோட்டி. ஒன்றுக்கு இருபத்துச் சொச்சம் ரூபாய். ஏஜென்ட் சொல்லும் லட்சத்துச் சொச்சம் இந்த மொத்தத் தொகை. வரியும் சமூகப் பாதுகாப்பும் பிடித்ததுபோகக் கைக்கு வருவது 3,600 ஸ்லோட்டி அளவில், நம் பணத்தில் எண்பதாயிரத்துச் சொச்சம். படுக்கை, சாப்பாடு, பஸ், போன் எல்லாவற்றுக்கும் முப்பத்தைந்தாயிரம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐம்பதாயிரம் மிஞ்சினால் நல்ல மாதம். இங்கே அஞ்சு லட்சத்தை நூற்றுக்கு மூணு வட்டியில் வாங்கியிருந்தால் மாதம் பதினைந்தாயிரம் வட்டிக்கே போய்விடும். மீதி முப்பத்தைந்தாயிரத்தை அப்படியே அசலுக்குக் கட்டினாலும் முதல் வருடம் முழுக்கக் கடனுக்குத்தான் உழைக்கிறீர்கள். டி விசாவின் ஆயுளோ அதிகபட்சம் ஒரு வருடம்.

விசா முடியும் முன்பே வசிப்பிட அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பதில் வரப் பல மாதங்கள் ஆகலாம். அதுவரை அங்கே தங்குவது சட்டப்படி சரி. ஆனால் நடுவில் ஊருக்கு வந்துவிட்டால் திரும்பிப் போகப் புது விசா வேண்டும். வீட்டில் ஒரு நல்லது கெட்டது என்றால் என்ன செய்வது என்று அம்மா அப்பாவோடு இப்போதே பேசிவிடுங்கள். இந்தப் பேச்சைத் தவிர்க்கிற வீடுகள்தான் அதிகம். கிளம்புகிற பிள்ளையிடம் சாவைப் பற்றிப் பேசக்கூடாது என்று ஒரு பயம். பேசாமல் போனவர்கள் தகனத்தை வீடியோ காலில் பார்த்து உடைந்துபோவதைவிட, பேசிவிட்டுப் போவது எவ்வளவோ நல்லது.

நிலத்தை விற்றுப் போகாதீர்கள். பவர் பத்திரம் எழுதிக் கொடுத்து எவரிடமும் கடன் வாங்காதீர்கள். நகையை வைப்பதானால் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வையுங்கள், மனைவியின் சம்மதத்தோடு. கல்யாணமானவர்கள் உண்மையான சம்பளத்தையும் உண்மையான கடனையும் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஊரில் வட்டிக்காரர் வாசலில் வந்து நிற்கும்போது அவர் முன்னால் நிற்கப்போவது மனைவிதான். ஒப்பந்தம், வேலை அனுமதி, விசா, ஏஜென்டின் உரிம எண், அங்குள்ள முகவரி என எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும்.

தங்குமிடத்தைப் பற்றி வெட்கப்படாமல் கேளுங்கள். 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பிடித்ததில் நாற்பத்தைந்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இறந்தார்கள். அதில் நம் தமிழ்நாட்டுக்காரர்கள் ஏழு பேர். ஓர் அறையில் எத்தனை படுக்கை, எத்தனை வாசல், சமையல் எங்கே என்று ஏற்கெனவே அங்கிருப்பவரை வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். கம்பெனி விளம்பரப் படம் வேண்டாம். இப்போது அங்கே படுத்திருக்கிற ஆள் போன் எடுத்துக் காட்டட்டும்.

பட்டம் வாங்கிவிட்டு கம்ப்யூட்டர் வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு வேறு வலை விரிக்கிறார்கள். "டேட்டா என்ட்ரி, தாய்லாந்து, டிக்கெட் நாங்களே போடுறோம்." பாங்காக்கில் இறங்கியதும் கார் எல்லைக்குப் போகும், அங்கிருந்து ஆற்றைக் கடந்தால் மியான்மரின் மியாவாடி. அங்கே வேலை, போனில் மற்றவர்களை ஏமாற்றுவது, மறுத்தால் அடி. 2022இல் அப்படி மாட்டிய தமிழ்ப் பிள்ளைகளை அரசுகள் தலையிட்டு மீட்டுவந்தன. கம்போடியா, லாவோஸ் பெயரிலும் இதே வலைதான். டிக்கெட்டையும் அவர்களே போட்டு, பணமும் கேட்காமல், இன்டர்வியூ பத்து நிமிஷத்தில் முடிந்தால் அது வேலையே இல்லை.

தங்கைகளே, இ.சி.ஆர். பாஸ்போர்ட்டோடு அந்த 18 நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போவதானால் முப்பது வயது ஆகியிருக்க வேண்டும். அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போக வேண்டும். வயதைக் கூட்டிப் பாஸ்போர்ட் எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் பேச்சையே வளர்க்காதீர்கள். நர்சிங் படித்தவர்கள் முதலில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் கதவைத் தட்டுங்கள். 1978இலிருந்து இருக்கிற நிறுவனம், சென்னையில் இருக்கிறது. ஜெர்மன் மொழிப் பயிற்சியோடு அனுப்புகிற திட்டமெல்லாம் அங்கே உண்டு. தனியார் ஏஜென்ட் போல வீடு தேடி வரமாட்டார்கள், நாம்தான் போக வேண்டும். ஒரு பஸ் டிக்கெட் செலவு பெரிதில்லை.

போலந்து முடிவாகிவிட்டால் கொஞ்சம் மொழியும் படித்துக்கொள்ளுங்கள். 'ஜென் டோப்ரி' என்றால் வணக்கம். 'ந்யே ரோசூமியெம்' என்றால் எனக்குப் புரியவில்லை. காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்கும் ஒவ்வொரு முறையும் இதைத் தயங்காமல் சொல்லுங்கள். குளிர் உறைநிலைக்குக் கீழே இறங்கும் ஊர். கனமான கோட்டை இங்கே வாங்காதீர்கள், பூட்ஸும் வேண்டாம், அங்கே பழசாகவே நல்லது மலிவாகக் கிடைக்கும். உள்ளே போட கம்பளி பனியன் மட்டும் எடுத்துப் போங்கள். பாஸ்போர்ட்டையும் வங்கி அட்டையையும் எந்தச் சூப்பர்வைசரிடமும் ஒப்படைக்காதீர்கள். சம்பளம் தராவிட்டால் அங்கே பி.ஐ.பி. எனப்படும் தொழிலாளர் ஆய்வுத் துறை இருக்கிறது. வார்சாவில் நம் தூதரகம் இருக்கிறது. அயலகத் தமிழர்களுக்காகத் தமிழ்நாடு அரசு வைத்திருக்கும் கட்டணமில்லா எண் 1800 309 3793. வெளியுறவு அமைச்சகத்தின் உதவி மையம் 1800 11 3090. இரண்டையும் இங்கே இருக்கும்போதே ஒருமுறை கூப்பிட்டு உங்கள் ஏஜென்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, ஏற்கெனவே பணம் கட்டிவிட்டு "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு. ரசீது இல்லையே என்று மனம் விட்டுவிடாதீர்கள். ஜி-பே, போன்-பே வரவுசெலவு சாட்சி. வாட்ஸ்அப் செய்தியும் குரல் பதிவும் சாட்சி. ஒன்றையும் அழிக்காதீர்கள், வேறு போனிலும் நகல் எடுத்து வையுங்கள். கையில் கொடுத்த பணம் என்றால் எந்தத் தேதி, எந்த இடம், யார் கூட இருந்தார்கள் என்று இன்றே எழுதி வையுங்கள். அந்த ஏஜென்டிடம் பணம் கட்டியவர் நீங்கள் ஒருவர் மட்டுமாக இருக்க மாட்டீர்கள். மற்றவர்களையும் தேடிப் பிடியுங்கள். தனியாகப் போனால் சமாதானம் பேசி அனுப்பிவிடுவார்கள். எல்லோரும் சேர்ந்து எஸ்.பி. அலுவலகத்திலும், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனுக் கொடுங்கள். இ-மைக்ரேட் தளத்திலும் புகாரைப் பதியுங்கள். சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் ஒரு நகல் போகட்டும். பாஸ்போர்ட் அவரிடம் இருந்தால் மனுவின் முதல் வரியிலேயே அதை எழுதுங்கள், ஏனென்றால் உங்கள் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்திருக்க அவருக்கு எந்த உரிமையும் கிடையாது.

அன்புடன்,
உங்கள் மாவட்டத்துக்காரன்